"இவ இப்படிச் செய்வாளா?" – கதாபாத்திரத்தின் பெரிய முடிவை நம்ப வைப்பது எப்படி

புதிதாகக் கதை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் இடறுகிறார்கள். கதை நன்றாகப் போய்க்கொண்டிருக்கும். பத்தாவது பக்கத்தில் நாயகி வீட்டை விட்டுக் கிளம்புவாள், அல்லது நாயகன் வேலையை எறிந்துவிட்டு ஊருக்குத் திரும்புவான். படித்தவர் உதட்டைப் பிதுக்கி, "இவ இப்படிச் செய்வாளா?" என்பார். எழுதியவர் உடனே காரணங்களைக் கூட்டுவார். கணவன் குடிகாரனாவான், மாமியார் கொடுமைக்காரியாவாள், போதாக்குறைக்குக் குழந்தைக்கு ஒரு நோயும் வரும். திருத்திய பிரதியைப் படித்தவர் மறுபடியும் உதட்டைப் பிதுக்குவார்.

காரணம் போதாததால் வருகிற கேள்வி அல்ல அது. இவ்வளவு காரணம் இருந்தும் இத்தனை நாள் ஏன் சும்மா இருந்தாள் என்பதுதான் படிப்பவருக்கு உறுத்துகிறது. காரணத்தைக் கூட்டக் கூட்ட உறுத்தலும் கூடும். இத்தனை கொடுமையிலும் இருபது வருடம் வாய் திறக்காதவள் இருபத்தோராவது வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை மட்டும் ஏன் திறக்க வேண்டும்?

ஒரே கதையை எடுத்துக்கொண்டு படிப்படியாகச் செய்து பார்ப்போம். 3,000 சொல் அளவுள்ள சிறுகதை, நடப்பது 2024-இல். செல்வராணிக்கு 46 வயது, திண்டுக்கல்லில் குடியிருக்கிறாள். பிறந்த ஊர் ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு கிராமம். அப்பா 2003-இல் உயில் எழுதாமல் இறந்துவிட்டார். மூன்று ஏக்கர் கிணற்றுப் பாசனத் தோட்டம் இருக்கிறது. அண்ணன் முருகேசன் தன் மகள் கல்யாணத்துக்காக அதில் ஒரு பகுதியை விற்க வேண்டும். அதற்குத் தங்கை தன் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதித் தர வேண்டும். வருகிறேன் என்று ஒப்புக்கொண்டு போனவள், பத்திர எழுத்தர் கடையில் உட்கார்ந்தபின் மறுக்கிறாள். அதோடு பிறந்த வீட்டு வாசல் அடைபடுகிறது.

முதல் வேலை: முடிவை ஒரு வினையாக எழுதுங்கள்

"செல்வராணி தன் உரிமையை உணர்கிறாள்" என்று குறித்து வைத்தால் அதை வைத்துக் காட்சி எழுத முடியாது. உணர்வதை யாரும் பார்க்க முடியாது. "பேனாவை மூடி மேஜையில் வைக்கிறாள்" என்று எழுதுங்கள். எதிரில் நிற்பவர் கண்ணால் பார்க்கக்கூடிய, பார்த்த பிறகு திரும்பப் பெற முடியாத ஒரு செயலாக அது இருக்க வேண்டும். அந்த வரியைக் காகிதத்தில் எழுதி எதிரே ஒட்டிக்கொண்டு, கதையை அதிலிருந்து பின்னோக்கிக் கட்டுங்கள்.

இரண்டாவது: பிடித்து நிறுத்துவது எது?

அதிக நேரம் இங்கேதான் செலவாக வேண்டும். ஒரு தாளை நடுவில் மடியுங்கள். வலது பக்கம் முடிவை நோக்கித் தள்ளுபவை, இடது பக்கம் முடிவெடுக்க விடாமல் பிடித்திருப்பவை. புதியவர்களின் தாளில் வலது பக்கம் நிரம்பி வழியும், இடது பக்கத்தில் "பயம்", "சமூகம்" என்று இரண்டு சொல் இருக்கும். இடது பக்கம் வலதைவிடக் கனமாக வரும்வரை கதையைத் தொடங்காதீர்கள். "சமூகம்" போன்ற பொதுச்சொல்லுக்கு அங்கே இடமில்லை. ஆள், பொருள், தேதி என்று கைக்குப் பிடிபடுவதாக எழுதுங்கள்.

செல்வராணியின் இடது பக்கம் இப்படி இருக்கலாம். கல்யாணமான மூன்றாம் வருடம் கணவனோடு சண்டை போட்டுக்கொண்டு கைக்குழந்தையோடு இரவு பத்து மணிப் பேருந்தில் போய் இறங்கியபோது, ஏன் வந்தாய் என்று ஒரு வார்த்தை கேட்காமல் மதினி தோசைக்கல்லை அடுப்பில் வைத்தாள். மகள் வயதுக்கு வந்தபோது தாய்மாமன் சீரை முருகேசன் ஊர் மெச்சச் செய்தான், அதற்கு வட்டிக்கு வாங்கினான் என்பது அவளுக்குத் தெரியும். அம்மா இன்னும் அண்ணன் வீட்டில்தான் இருக்கிறாள், மாத்திரை முதல் கண் ஆபரேஷன் வரை அவன் செலவு. வருகிற வைகாசியில் மகனுக்குக் கல்யாணம், மேடையில் தாய்மாமன் நிற்க வேண்டும். தலைப்பொங்கலுக்கு வந்த வெண்கலப் பானை இன்றும் அவள் அடுப்படிப் பரணில் இருக்கிறது.

இதை எழுதி முடித்ததும் ஒன்று புரியும். முருகேசன் நல்லவன். அவனைக் குடிகாரனாகவோ பேராசைக்காரனாகவோ ஆக்கினால் இந்தப் பட்டியல் முழுதும் பொய்த்துப் போகும், அவள் முடிவுக்கும் விலை இல்லாமல் போகும். கெட்டவனை எதிர்த்து நிற்பதில் வாசகருக்குச் சந்தேகமே வராது, அதனால் அக்கறையும் வராது. எதிராளியின் பக்கம் நின்று பத்து வரி வாதாடிப் பாருங்கள். அந்தப் பத்து வரியில் இரண்டு வரியாவது உங்களையே வாயடைக்கவில்லை என்றால், எதிராளி இன்னும் அட்டைப் பொம்மைதான்.

3,000 சொல்லில் குறைந்தது ஆயிரம் இந்த இடது பக்கத்துக்குப் போகட்டும். எல்லாவற்றையும் சொல்ல வேண்டாம். ஐந்தில் இரண்டைக் காட்சியாக்கி, இரண்டைப் பேச்சில் போகிறபோக்கில் தொட்டு, ஒன்றை எழுதாமலே விடலாம்.

மூன்றாவது: அவளுக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரிய வேண்டும்

சட்டமோ, மருத்துவமோ, அலுவலக நடைமுறையோ, முடிவு எதைத் தொட்டு நிற்கிறதோ அதைச் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள். வாசகரிடம் காட்டிக்கொள்வதற்காக அல்ல. நடைமுறை தெரிந்தால் காட்சியில் யார் யார் இருப்பார்கள், எந்த நொடியில் என்ன கேட்பார்கள் என்பது தானாகக் கிடைக்கும்.

தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல், அன்றைக்குத் திருமணமாகாதிருந்த இந்துப் பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு உண்டு. செல்வராணிக்கு அப்போது 11 வயது, எனவே அவளுக்குப் பங்கு உண்டு. அதே வீட்டில் 1986-இல் கட்டிக்கொடுத்த அக்கா ஒருத்தி இருந்தால் மாநிலச் சட்டம் அவளை விட்டுவிட்டது. 2005 செப்டம்பர் 9 முதல் வந்த மத்தியச் சட்டத் திருத்தம் திருமணமானவள், ஆகாதவள் என்ற வித்தியாசத்தை எடுத்தது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பத்தை 2020 ஆகஸ்ட் 11-இல் உச்ச நீதிமன்றம், வேண்டியதில்லை என்று தீர்த்தது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறைப்படி பாகம் பிரித்து முடிந்திருந்தால் 2005 திருத்தம் அதைத் தொடாது. சொத்து அப்பாவே சம்பாதித்ததாக இருந்து உயிலும் எழுதாமல் இறந்திருந்தால் 1956-ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே மகளுக்குப் பங்கு வரும். அவர் உயில் எழுதி அண்ணனுக்குக் கொடுத்திருந்தால் கதையே இல்லை.

ஆகவே கல்யாண வருடம், அப்பா இறந்த வருடம், உயில் உண்டா இல்லையா என்ற மூன்றையும் முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். ஒன்றைத் தப்பாகப் போட்டால், விஷயம் தெரிந்த வாசகர் அந்த வரியிலேயே கதையை மூடி வைத்துவிடுவார்.

இந்தத் தேடலில் எதிர்பாராத லாபமும் உண்டு. இந்தச் சொத்தில் அம்மாவுக்கும் பங்கு வருகிறது. அப்படியானால் அம்மாவும் எழுதிக்கொடுக்க வேண்டும், அவரும் அந்தக் கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். மகள் பேனாவைக் கையில் எடுக்கும்போது அம்மா கைநாட்டு வைத்து முடித்து, மையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டிருப்பார். யோசித்து யோசித்து எழுதினாலும் இப்படி ஓர் ஆளை அங்கே உட்கார வைக்கத் தோன்றியிருக்காது.

கடையில் கையெழுத்தானபின் சார்பதிவாளர் அலுவலகத்தில் போட்டோ எடுப்பார்கள், கைரேகை வைக்கச் சொல்வார்கள், அடையாளம் காட்ட இரண்டு சாட்சிகள் வேண்டும், எழுதிக்கொடுத்தது நீங்கள்தானா என்று கேட்பார்கள். மறுப்பதற்கு அந்தக் கேள்வியும் நல்ல இடம்தான். ஆனால் கையெழுத்துப் போட்டுவிட்டு அங்கே போய் இல்லை என்றால் அவள் பொய் சொன்னவளாகிறாள். பொய் சொல்கிற செல்வராணி வேறொரு கதைக்கு உரியவள். நமக்கு எழுத்தர் கடை பெஞ்சுதான் சரி.

நான்காவது: விதையை வேறு வயலில் போடுங்கள்

முடிவுக்கு முன்னோட்டம் வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். அதைக் கேட்டுவிட்டு, "சின்ன வயதிலிருந்தே அவளுக்கு அநியாயம் பிடிக்காது" என்று ஒரு வரி போட்டுவிடுவார்கள். இது விதை இல்லை, சுவரொட்டி. விதை முடிவோடு சம்பந்தமே இல்லாத இடத்தில், வேறு காரியமாக வர வேண்டும். முடிந்தால் சிரிப்பாக வரட்டும். சிரித்தபடி படித்த வரியை வாசகர் சந்தேகப்பட மாட்டார்.

செல்வராணி மகளிர் சுயஉதவிக் குழுவில் ஊக்குநர். தீர்மான நோட்டை வரி விடாமல் உரக்கப் படித்தபிறகே கையெழுத்து வாங்குவாள். பத்தாயிரம் கடன் வாங்கும் பழனியம்மா, "அக்கா, பால் கறக்க நேரமாச்சு, போட்டுட்டுப் போறேன்" என்று அவசரப்படுவாள். "எண்ணிட்டுப் போடு. வாங்காத காசுக்குக் கையெழுத்துப் போடாத." மற்றவர்கள் முணுமுணுப்பார்கள், ஒருத்தி கொட்டாவி விடுவாள். கதையின் முதல் 500 சொல்லுக்குள் இது முடிந்துவிட வேண்டும். அதன்பிறகு இந்தக் குணத்தைப் பற்றி நீங்கள் வாயே திறக்கக் கூடாது. மிஞ்சினால் நடுவில் ஒரு தரம், மளிகைக்கடைச் சீட்டை அவள் வாசலில் நின்று கூட்டிப் பார்ப்பதாக ஒரே வாக்கியம். சிறுகதைக்கு இரண்டு விதை போதும். மூன்றாவது விதை வந்தால் வாசகர் முளையைப் பார்த்துவிடுவார்.

ஐந்தாவது: முதலில் சம்மதிக்க வையுங்கள்

கேட்டதும் மறுப்பவளைவிட, சரி என்று சொல்லிவிட்டு மறுப்பவளை நம்புவது எளிது. முரணாகத் தோன்றலாம், ஆனால் மனிதர்கள் நடந்துகொள்வது அப்படித்தான். முருகேசன் பை நிறைய முருங்கைக்காயும் வெண்டைக்காயும் கொண்டுவந்து வைத்துவிட்டு, கிளம்பும்போது செருப்பை மாட்டியபடி, "வர்ற புதன்கிழம ஒரு நட வந்துட்டுப் போயிரு ராணி, ஒரு கையெழுத்து" என்பான். "யோசிச்சுச் சொல்றேண்ணே" என்பாள் அவள். இது முதல் தயக்கம், அதோடு நிறுத்துங்கள். மறுநாள் அம்மா போனில் பேசுவாள். பத்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் வராது. மகன் கல்யாணத்துக்கு மாமன்காரன் மோதிரத்துக்குச் சொல்லியாச்சு என்பாள், அவ்வளவுதான். செல்வராணி அன்று மாலையே அண்ணனைக் கூப்பிட்டு, "எத்தன மணிக்கு வரணும்?" என்று கேட்பாள்.

அவள் தோற்றுப் போகிற இந்த இடம் இல்லாவிட்டால், கடையில் நடப்பது வெறும் வீரம் மாதிரி தெரியும்.

ஆறாவது: முடிவுக் காட்சி

முதல் பிரதிகளில் இது பெரும்பாலும் இப்படித்தான் வரும்:

திடீரென்று அவளுக்குள் ஏதோ ஒன்று உடைந்தது. இத்தனை வருட அடிமைத்தனம் கண்முன் ஓடியது. "நானும் இந்த வீட்டுல பொறந்தவதான்! சட்டம் எனக்கும் சம உரிமை தந்திருக்கு! இனிமே நான் ஏமாற மாட்டேன்!" என்று முழங்கினாள். கடையே வாயடைத்து நின்றது.

இதில் பேசுவது செல்வராணி இல்லை, ஆசிரியர். "ஏதோ ஒன்று" என்பது, என்ன என்று எழுதியவருக்கே தெரியவில்லை என்பதற்கு ஒப்புதல் வாக்குமூலம். கடையில் இருப்பவர்கள் நிஜத்தில் வாயடைத்து நிற்க மாட்டார்கள், அடுத்த டோக்கன் யாருடையது என்று பார்ப்பார்கள்.

தூண்டுதல் சின்னதாக இருக்கட்டும். விதைத்த குணத்தின் மேல் போய் அது மோத வேண்டும். மேலே சேர்த்த எல்லாமே இப்போது உதவிக்கு வரும்:

எழுத்தர் வாசித்துக்கொண்டே போனார். "…மேற்படி பங்குக்கு ஈடாக ரூபாய் ஒரு லட்சம் இதற்கு முன்னரே பெற்றுக்கொண்டபடியால்…"

"எந்த ரூபா?" என்றாள்.

"அது வழக்கமா எழுதுறதும்மா."

முருகேசன் சிரித்தான். "ஏன், ஒனக்கு ஒண்ணுமே செய்யலியா? கல்யாணத்துக்குப் போட்ட பதினெட்டுப் பவுனு கணக்குல வராதா?"

"அது சீருன்னுதானேண்ணே சொன்னீங்க."

அம்மா விரலைத் துடைப்பதை நிறுத்தினாள்.

செல்வராணி பேனாவை மூடினாள். மூடி சரியாகப் பொருந்தவில்லை. கழற்றி மறுபடி மூடி, மேஜை ஓரத்தில் வைத்தாள்.

"ரெண்டரைக்கு டோக்கன்," என்றார் எழுத்தர், முருகேசனைப் பார்த்து.

அவள் மறுப்பு என்ற சொல்லையே பயன்படுத்தவில்லை, சட்டத்தைச் சொல்லவில்லை, நிலம் வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை. வாங்காத காசுக்குக் கையெழுத்து இல்லை, அவ்வளவுதான். கூடவே, இத்தனை வருடம் அன்பு என்று அவள் நினைத்திருந்தது அண்ணன் வாயில் கணக்காக மாறிவிட்டது. இடது பக்கப் பட்டியலில் அவளைப் பிடித்து வைத்திருந்த சீர் வரிசையே இப்போது வலது பக்கம் தாவுகிறது. பிடித்திருந்த கயிறே தள்ளுகிற கையாக மாறும் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டால் "ஏன் இன்று?" என்பதற்கு வேறு பதில் தேட வேண்டாம்.

காட்சி 300 முதல் 400 சொல்லுக்குள் இருக்கட்டும். இந்த இடத்தில் பழைய நினைவு எதையும் திறக்காதீர்கள். திறந்தால் வாசகர் பெஞ்சிலிருந்து எழுந்து போய்விடுவார். எழுதி முடித்ததும் "திடீரென்று", "ஏதோ", "முதன்முறையாக", "அந்தக் கணத்தில்" என்ற நான்கையும் தேடிப் பிடித்து வெட்டுங்கள். வெட்டியபின் காட்சி நிற்கவில்லை என்றால், குறை முந்தைய பக்கங்களில் இருக்கிறது. அங்கே போய்ச் சரிசெய்யுங்கள்.

ஏழாவது: மறு முடிவையும் எழுதிப் பாருங்கள்

செல்வராணி கையெழுத்துப் போட்டுவிட்டு, எல்லோரோடும் சேர்ந்து சாப்பிட்டுவிட்டு வீடு திரும்புவதாக ஒரு காட்சி எழுதுங்கள். அதுவும் நம்பும்படி வர வேண்டும். வரவில்லை என்றால் அவள் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை, நீங்கள் கொண்டுபோய் நிறுத்திய இடத்தில் நிற்கிறாள் என்று பொருள்.

இதற்குத் தமிழில் நல்ல பாடம் இருக்கிறது. ஜெயகாந்தன் 1966-இல் எழுதிய 'அக்னிப் பிரவேசம்' சிறுகதையில், கெட்டுப்போய் வந்து நிற்கும் மகளின் தலையில் தாய் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமானவள் என்கிறாள். விஷயம் வெளியே போகாமல் அடக்கிவிடுகிறாள். அதே தாய் கூச்சலிட்டு ஊரைக் கூட்டியிருந்தால் அந்தப் பெண் என்னவாகியிருப்பாள் என்று எடுத்துக்கொண்டு அவரே எழுதிய நாவல் 'சில நேரங்களில் சில மனிதர்கள்', 1972-இல் சாகித்திய அக்காதெமி பரிசு பெற்றது. ஒரே தாய், ஒரே மழை நாள், இரண்டு வழி. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்து, அவள் எந்த இடத்தில் திரும்புகிறாள் என்று பென்சிலால் கோடு போட்டுப் பாருங்கள்.

எட்டாவது: மூன்று பேரிடம் பாதிக் கதை

முழுக் கதையைக் கொடுத்து நன்றாக இருக்கிறதா என்று கேட்டால் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். "எந்த ரூபா?" என்ற கேள்விக்கு முந்தைய வரியில் வெட்டி, மூன்று பேரிடம் கொடுங்கள். அடுத்து என்ன செய்வாள் என்று மட்டும் கேளுங்கள். மூவரும் கையெழுத்துப் போடுவாள் என்றால் விதை ஆழத்தில் போய்விட்டது. மூவரும் மறுப்பாள் என்றால் இடது பக்கம் கனம் போதவில்லை, அல்லது விதை மண்ணுக்கு மேலேயே கிடக்கிறது. ஒருவர் இப்படியும் இருவர் அப்படியும் சொன்னால் தொடாதீர்கள்.

முழுக் கதையைப் படித்தவர் "இதுக்குப் போயா?" என்றால் விலை தெரியவில்லை. "நீங்க சொல்ல வந்தது புரியுது" என்றால் கட்டுரை எழுதிவிட்டீர்கள். "அண்ணன் பாவம்" என்று ஒருவராவது சொன்னால் சந்தோஷப்படுங்கள்.

வேறு முடிவுகளுக்கும் இதே தாள்தான். வேலையை விடுபவனுக்கு இடது பக்கத்தில் சம்பளத்தை மட்டும் எழுதாதீர்கள், மதியம் கூட உட்கார்ந்து சாப்பிடும் ஆளையும் எழுதுங்கள். துறவு போகிறவனுக்குக் கடவுளைத் தேடும் ஆசையைவிட, அவன் வீட்டில் விட்டுப்போகும் மூக்குக்கண்ணாடி முக்கியம்.

கடைசியாக, விலை

முடிவோடு கதையை நிறுத்துவது புதியவர்களின் பழக்கம். கைதட்டல் அங்கேதான் கேட்கும் என்ற நினைப்பு. செல்வராணிக்கு அன்றைக்கு நிலம் எதுவும் கிடைத்துவிடாது. அவள் இல்லாமல் தோட்டத்தை முழுதாக விற்க முடியாது, அவ்வளவே. பங்கைக் கையில் வாங்க வழக்குப் போட்டால் வருடக்கணக்கில் இழுக்கும், அதை அவள் போடுவாளா என்பதும் தெரியாது. ஆனால் இழப்பு உடனே தொடங்கிவிடும். அண்ணன் மகள் கல்யாணப் பத்திரிகை தபாலில் வரும். மதினி போனை எடுக்க மாட்டாள்.

இதற்கு ஒரு 400 சொல் ஒதுக்குங்கள். நேரடிச் சண்டை வேண்டாம், முருகேசன் திருந்தி வந்து அழவும் வேண்டாம். வழக்கமாக வருவது வராமல் போகும் ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதைக்குத் தீபாவளியைவிடப் பொங்கல் பொருந்தும். வருடா வருடம் போகிக்கு முதல் நாள் பச்சரிசி, வெல்லம், மஞ்சள்கொத்து, கரும்போடு வாசலில் வந்து நிற்கும் அண்ணன் வண்டி இந்த வருடம் இல்லை. அவள் கடைத்தெருவுக்குப் போகிறாள். கரும்பு வியாபாரி, "ஜோடியாம்மா, கட்டாவா?" என்று கேட்கிறார். இருபத்தைந்து வருடமாகக் கரும்பு வாங்கியதே இல்லை, அவளுக்கு விலை தெரியாது. என்ன விலை என்று கேட்கிறாள். அவர் சொல்கிறார். அவள் எண்ணிக் கொடுக்கிறாள்.

கரும்பைத் தூக்கிக்கொண்டு அவள் என்ன நினைத்தாள் என்று ஒரு பத்தி எழுதத் தோன்றும். எழுதிப் பார்த்துவிட்டு அடித்துவிடுங்கள்.